மூலிகைச் சாறும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவும்

அறிவியல் கண்காட்சிக்கு மாணவர்கள் தேர்ந்தெடுக்கும் தலைப்புகளில் ஆண்டு தவறாமல் வந்து நிற்பது ஒன்று உண்டு. வேம்பு, துளசி, மஞ்சள், குப்பைமேனி ஆகியவற்றின் கிருமி எதிர்ப்புத் தன்மை. அட்டையில் ஒரு கண்ணாடித் தட்டின் படம் ஒட்டியிருக்கும். தட்டு முழுக்கப் பாக்டீரியா படர்ந்திருக்க, சாறு வைத்த இடத்தைச் சுற்றி மட்டும் தெளிவான வட்டம் தெரியும். அதற்குக் கீழே முடிவு: "ஆன்டிபயாடிக்குக்குக் கட்டுப்படாத கிருமிகளையும் மூலிகை கொல்லும்."

இந்தத் தலைப்பு எனக்குப் பிடிக்கும். நுண்ணுயிரிகள், கரைசல்கள், பரிணாமம், விகிதக் கணக்கு என்று நாம் தனித்தனியாக நடத்தும் பாடங்கள் எல்லாம் இதில் ஓரிடத்தில் வந்து சேருகின்றன. மாணவர்களுக்கு வீட்டில் தெரிந்த செடியிலிருந்தே தொடங்கவும் முடிகிறது. ஆனால் மேலே உள்ள வட்டத்துக்கும் கீழே உள்ள முடிவுக்கும் இடையே நெடுந்தூரம். அந்தத் தூரத்தை ஒன்பதாம் வகுப்பு மாணவர்களோடு நான்கு பாடவேளைகளில் கடந்து பார்த்தேன். அதையே இங்கே எழுதுகிறேன். வேறு பள்ளியில் செய்பவர்கள் தங்கள் வசதிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

பழகிப்போவது யார்?

முதல் பாடவேளையில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "முதல்ல கேட்ட மாத்திரை இப்ப ஏன் கேக்க மாட்டேங்குது?" வகுப்பே ஒரே குரலில் சொன்னது: "உடம்புக்கு மருந்து பழகிப்போச்சு டீச்சர்." ஊரில் எல்லோரும் சொல்வதும் இதுதான். பழகிப்போனால் அடுத்து "பவர் கூடின மாத்திரை" கேட்க வேண்டும் என்பதும் அதோடு ஒட்டிக்கொண்டே வரும். ஆன்டிபயாடிக் பொறுத்தவரை உடம்பு எதற்கும் பழகுவதில்லை. மாறியிருப்பது பாக்டீரியாக்களின் கூட்டம். இந்த இடத்தைச் சரிசெய்யாமல் மூலிகைக்குப் போனால் பிறகு எல்லாமே குழம்பும்.

இதற்குப் புளியங்கொட்டை போதும். ஒரு குழுவுக்கு 50 கொட்டைகள். அவற்றில் 2 கொட்டைகளைத் தாயக்கட்டைக்குத் தேய்ப்பதுபோல் ஒரு பக்கம் வெள்ளை தெரியத் தேய்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். தேய்த்தவை, மருந்தைத் தாங்கும் பாக்டீரியா. ஒரு வேளை மருந்து, தேய்க்காத கொட்டைகளில் நான்கில் மூன்று பங்கை அகற்றும். மிஞ்சியவை இரட்டிக்கும். முதல் சுற்றில் தேய்க்காத 48இல் 36 போய் 12 மிஞ்சும், இரட்டித்தால் 24. தேய்த்தவை 2 அப்படியே இருந்து 4 ஆகும். இரண்டாம் சுற்றின் முடிவில் 12க்கு 8. மூன்றாம் சுற்றில் தேய்க்காதவை 6, தேய்த்தவை 16. தொடக்கத்தில் 50க்கு 2 என்று இருந்தது, மூன்று சுற்றில் 22க்கு 16 என்று ஆகிவிட்டது. "எந்தக் கொட்டையாவது தானாகத் தேய்ந்ததா?" என்று கேளுங்கள். இல்லை. மருந்து எதையும் மாற்றவில்லை, சலித்தெடுத்தது, அவ்வளவே.

பாக்டீரியாக்களில் இன்னொரு வழியும் இருக்கிறது. எதிர்ப்புத் தன்மைக்கான மரபணுவைப் பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. வளையத்தில் வைத்து ஒன்று மற்றொன்றுக்குக் கொடுத்துவிடும். வேறு இனத்துக்கும் கொடுக்கும். பக்கத்துக் குழுவின் கொட்டையை உங்கள் கொட்டை தேய்த்துவிட்டு வருவதுபோல் என்று சொன்னபோது மாணவர்கள் சிரித்தார்கள், புரிந்துகொண்டார்கள்.

வரலாற்றை நீட்ட வேண்டியதில்லை. பென்சிலினை 1928இல் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945ஆம் ஆண்டு நோபல் உரையிலேயே, போதாத அளவில் மருந்தை எடுத்தால் நுண்ணுயிரி அதைத் தாங்கக் கற்றுக்கொள்ளும் என்று எச்சரித்துவிட்டார். பென்சிலினுக்கு அடங்காத ஸ்டெபைலோகாக்கஸுக்காக மெத்திசிலின் என்ற மருந்து 1959இல் வந்தது. 1961இல் அதையும் தாங்கும் வகை இங்கிலாந்தில் பதிவாகிவிட்டது. இரண்டே ஆண்டு. 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 12.7 லட்சம் பேரின் இறப்புக்கு மருந்தைத் தாங்கும் பாக்டீரியாவே நேரடிக் காரணம் என்று 2022இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. இந்த மூன்று செய்திகளையும் கரும்பலகையில் ஒரு காலக்கோடாக வரைந்தால் போதும்.

செடிக்குள் இருக்கும் இரட்டை ஆயுதம்

செடிக்கு ஓடத் தெரியாது. நம்மைப்போல் கிருமியைத் தேடிப்பிடிக்கும் வெள்ளை அணுக்களும் கிடையாது. ஆகவே அது வேதிப்பொருள்களைத் தயாரித்து வைத்துக்கொள்கிறது. கிராம்பில் யூஜினால், ஓமத்தில் தைமால், கடுக்காயில் டானின்கள், மஞ்சளில் குர்குமின். பூண்டின் கதை இன்னும் சுவையானது. முழுப் பூண்டில் அல்லிசின் இல்லை என்றே சொல்லலாம். நசுக்கும்போதுதான் தனித்தனி அறைகளில் இருந்த அல்லியின் என்ற பொருளும் அல்லினேஸ் என்ற நொதியும் சந்திக்கின்றன; அப்போது பிறப்பதே அல்லிசின். நசுக்காமல் வேகவைத்தால் நொதி கெட்டுவிடும், பிறகு நசுக்கினாலும் அல்லிசின் வராது. நொதிகள் பாடத்துக்கு இதைவிட மணமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

ஆனால் மருந்தைத் தாங்கும் பாக்டீரியாவுக்கு இவை என்ன செய்யும்? பாக்டீரியாவின் தந்திரங்கள் நான்கு வகை. மருந்தை உடைக்கும் நொதியைச் செய்வது, மருந்து பற்றும் இடத்தை மாற்றிக்கொள்வது, வாசலைக் குறுக்குவது, உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துவிடுவது. கடைசி வகையை மட்டும் விரிவாக நடத்தினேன். மூலிகை ஆய்வில் மிக நேர்த்தியான கண்டுபிடிப்பு ஒன்று அங்கேதான் இருக்கிறது.

நாட்டு மருந்துக் கடையில் மரமஞ்சள் என்று வாங்கும் கட்டைக்கு மஞ்சள் நிறம் தருவது பெர்பெரின். இது பாக்டீரியாவைத் தாக்கக்கூடியதுதான், ஆனால் பலவீனமான மருந்து. காரணம், ஸ்டெபைலோகாக்கஸ் ஆரியஸ் தன் சவ்வில் வைத்திருக்கும் நோர்-ஏ என்ற புரத இறைப்பான், பெர்பெரின் உள்ளே வர வர வெளியே தள்ளிவிடுகிறது. கிணற்றில் ஊறும் தண்ணீரை மோட்டார் போட்டு இறைப்பதுபோல. பிராங்க் ஸ்டெர்மிட்ஸ், கிம் லூயிஸ் ஆகியோரின் குழு 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், பெர்பெரினைத் தயாரிக்கும் ஒரு வட அமெரிக்கச் செடி அதே இலையில் மற்றொரு பொருளையும் தயாரிப்பதைக் காட்டினார்கள். மெத்தாக்சிஹிட்னோகார்பின் என்ற அந்தப் பொருள் தனியாக ஒரு பாக்டீரியாவையும் கொல்லாது. அது இறைப்பானை அடைக்கிறது. மோட்டார் நின்றதும் பெர்பெரின் உள்ளே சேர்ந்து பாக்டீரியா சாகிறது. (அந்த நீண்ட பெயருக்குள் ஒளிந்திருப்பது நம் நீரடிமுத்து மரம், ஹிட்னோகார்பஸ் என்பது அதன் தாவரவியல் பெயர். நீரடிமுத்து எண்ணெய் தொழுநோய்க்குப் பயன்பட்டதைப் பெரியவர்கள் அறிவார்கள்.)

இதற்கு நம் அடுக்களையிலும் ஒரு சாட்சி உண்டு. ஜம்முவில் உள்ள ஆய்வகத்தில் 2006இல் நடந்த ஆய்வில், மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரின், சிப்ரோஃபிளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கோடு சேரும்போது ஸ்டெபைலோகாக்கஸ் ஆரியஸைத் தடுக்கத் தேவைப்படும் மருந்தின் அளவு குறைந்தது. இங்கும் இறைப்பான்தான் தடைபடுகிறது.

இதைச் சொன்னதும் ஒரு மாணவர், "அப்போ மாத்திரையோட மிளகு ரசம் குடிச்சாப் போதுமா டீச்சர்?" என்றார். அந்தக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்தே அடுத்த பாடவேளையைத் திட்டமிட்டிருந்தேன்.

தயிர்க் கிண்ணச் சோதனை

முதலில் ஓர் எச்சரிக்கை. கையிலிருந்தோ கழிப்பறைக் கதவிலிருந்தோ பஞ்சால் எடுத்து அகாரில் வளர்க்கும் சோதனையைப் பள்ளியில் செய்ய வேண்டாம். எது வளர்கிறது என்று நமக்குத் தெரியாது. பல்லாயிரமாகப் பெருகிய பிறகு அதைப் பாதுகாப்பாக அழிக்கும் வசதியும் பெரும்பாலான பள்ளிகளில் இல்லை. மருந்தைத் தாங்கும் பாக்டீரியாவைக் கையாள்வது பயிற்சி பெற்றவர்களின் ஆய்வகத்துக்கு உரிய வேலை. நமக்கு நம்பகமான, ஆபத்தில்லாத பாக்டீரியா தயிரிலேயே இருக்கிறது.

காய்ச்சி வெதுவெதுப்பாக ஆறிய பாலை 100 மி.லி. வீதம் கிண்ணங்களில் ஊற்றினோம். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு உறை மோர். ஒன்றில் வேறெதுவும் சேர்க்கவில்லை. ஒன்றில் 5 மி.லி. தண்ணீர். ஒன்றில் நசுக்கிப் பத்து நிமிடம் வைத்த பூண்டின் சாறு 5 மி.லி.; ஒன்றில் முழுதாக வேகவைத்துப் பிறகு நசுக்கிய பூண்டின் சாறு 5 மி.லி.; ஒன்றில் எலுமிச்சைச் சாறு 5 மி.லி. ஒவ்வொரு சாற்றுக்கும் உறை ஊற்றாத ஜோடிக் கிண்ணம் ஒன்றும் உண்டு. இந்த ஜோடிக் கிண்ணத்தை மாணவர்கள் வீண் வேலை என்று நினைத்தார்கள்.

எலுமிச்சை அதற்கு உடனே பதில் சொன்னது. உறை ஊற்றிய கிண்ணமும் ஊற்றாத கிண்ணமும் ஒரே நேரத்தில் திரிந்தன. உறை ஊற்றியதை மட்டும் வைத்திருந்தால், "எலுமிச்சை பாக்டீரியாவை வேகமாக வளர்க்கிறது" என்றுகூட யாராவது எழுதியிருப்பார்கள். பாக்டீரியாவுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை, வேலை செய்தது அமிலம். மூலிகை ஆய்வுகளிலும் இதே வினா உண்டு. சாறு புளிப்பாக இருந்தாலே பல பாக்டீரியாக்கள் வளராது. அதைச் செடியின் சிறப்பு மருந்து என்று சொல்ல முடியாது.

பூண்டில் இன்னும் சுவாரசியம். ஆறு குழுக்களில் இரண்டு குழுக்களுக்குப் பச்சைப் பூண்டுக் கிண்ணம் தாமதமாக உறைந்தது. மற்ற நான்குக்கும் குறிப்பிடும்படி வேறுபாடு இல்லை. "எங்க சோதனை தப்பாயிடுச்சு" என்று நான்கு குழுக்களும் முகம் வாடின. தப்பாகவில்லை என்பதைக் காட்டச் சர்க்கரைத் தண்ணீரில் ஈஸ்ட் கரைத்து, பாட்டில் வாயில் பலூன் மாட்டி, அதே பூண்டுச் சாற்றைச் சேர்த்துப் பார்த்தோம். சாறு சேர்க்காத பாட்டிலின் பலூன் நிமிர்ந்து நின்றது, பூண்டு பாட்டிலின் பலூன் தொங்கியது. ஈஸ்ட் பூஞ்சை வகை, பாக்டீரியா அல்ல என்பதைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள். ஆனால் சாற்றுக்குச் சக்தி இருப்பது தெளிவாகிவிட்டது. அப்படியானால் பாலில் அந்தச் சக்தி எங்கே போனது?

விடைக்கு இரண்டு பகுதி. தயிர்ப் பாக்டீரியாக்கள் பூண்டை ஓரளவு தாங்கக்கூடியவை. எல்லா உயிரிக்கும் ஒரே சாறு ஒரே அளவில் வேலை செய்யாது. அடுத்தது, பாலில் புரதம் இருக்கிறது. அல்லிசின் புரதத்தில் உள்ள கந்தகப் பகுதிகளோடு வேதிவினை புரிந்து தீர்ந்துவிடும். நம் இரத்தத்திலும் புரதம் இருக்கிறது. பூண்டைச் சாப்பிட்டவரின் இரத்தத்தில் அல்லிசினைத் தேடினால் அகப்படுவதில்லை. தட்டில் கொல்வதும் உடம்பில் கொல்வதும் வேறு வேறு என்பதை நான் எத்தனை முறை வாயால் சொல்லியிருந்தாலும், அந்த நான்கு கிண்ணங்கள் சொன்ன அளவுக்குப் பதிந்திருக்காது. சோதனைக்குப் பயன்பட்ட பால், தயிர் எதையும் யாரும் உண்ணக் கூடாது என்பதையும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

வட்டத்தை வாசிப்பது

நான்காம் பாடவேளையில் கண்காட்சி அட்டையில் உள்ள அந்த வட்டத்துக்கு வந்தோம். பொதுவாக 6 மி.மீ. காகித வில்லையில் சாற்றை ஊறவைத்துத் தட்டில் வைப்பார்கள். ஒரு நாள் கழித்து வட்டத்தின் விட்டத்தை அளப்பார்கள். வேம்புக்கு 14 மி.மீ., ஆன்டிபயாடிக்குக்கு 18 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். "வேம்பு கிட்டத்தட்ட ஆன்டிபயாடிக் அளவுக்கு வலிமையானது" என்று எழுதலாமா? எழுத முடியாது. வட்டத்தின் அளவு, பொருள் எவ்வளவு வேகமாக அகாரில் பரவுகிறது என்பதையும் பொறுத்தது. குர்குமின் தண்ணீரில் கரைவதே அரிது, அதனால் அகாரில் நகராது. வில்லையில் ஆன்டிபயாடிக் சில மைக்ரோகிராம்தான் இருக்கும், சாறு பல மில்லிகிராம் இருக்கக்கூடும். சாறு எடுக்கப் பயன்பட்ட ஆல்கஹால் முழுதாக ஆவியாகாமல் இருந்தால் அதுவே பாக்டீரியாவைக் கொல்லும். வெறும் ஆல்கஹால் ஊறிய வில்லை ஒன்று அந்தத் தட்டில் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். நம் எலுமிச்சையின் ஜோடிக் கிண்ணம்தான் அது.

ஆய்வாளர்கள் நம்புவது வளர்ச்சியைத் தடுக்கும் குறைந்தபட்சச் செறிவை. அதை வைத்து ஒரு கணக்குப் போட்டோம். ஒரு சாற்றுக்கு அந்தச் செறிவு மில்லி லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்றால், 5 லிட்டர் இரத்தத்தில் அதே செறிவு வர எவ்வளவு வேண்டும்? 5,000 மில்லிகிராம், அதாவது 5 கிராம் வடித்தெடுத்த சாறு, குடலில் துளியும் வீணாகாமல், கல்லீரலில் சிதையாமல், ஒரே நேரத்தில் இரத்தத்தில் நிற்க வேண்டும். உடம்பின் மற்றத் திசுக்களை இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை. மிளகு ரசக் கேள்வியைக் கேட்ட மாணவரே கரும்பலகையில் இந்தக் கணக்கைப் போட்டார். பைப்பரின் உடம்பில் வேறு மருந்துகளின் அளவையும் கூட்டக்கூடியது என்பதால், "மாத்திரையோடு கூடுதலாக எதையாவது" என்பது பாதுகாப்பான யோசனையும் அல்ல என்று சேர்த்துக்கொண்டேன். சாப்பாட்டில் சேரும் ரசத்தைப் பற்றி யாரும் பயப்பட வேண்டியதில்லை.

கரைப்பானும் முக்கியம். கட்டுரையில் "மெத்தனால் சாறு" என்று இருந்தால் அது பாட்டி வைக்கும் கஷாயம் அல்ல. மெத்தனால் நஞ்சு, பள்ளியில் அதைத் தொடக் கூடாது. கரைப்பான் மாறினால் கிடைக்கும் பொருளே மாறும் என்பதற்குச் சீனாவின் து யூயூ நல்ல சான்று. மலேரியாவுக்கான செடியைக் கொதிக்கவைத்தபோது பலன் நிலையாகக் கிடைக்கவில்லை. பழைய மருத்துவ நூல் ஒன்றின் குறிப்பைப் பார்த்து, குறைந்த வெப்பநிலையில் ஈதர் கொண்டு பிரித்தபோது ஆர்டிமிசினின் கிடைத்தது. 2015இல் நோபல் பரிசு. மலேரியா பாக்டீரியா நோய் அல்ல, ஆனால் மரபு அறிவு மருந்தாக மாறும் வழி அதில் முழுதாகத் தெரிகிறது. சித்த மருத்துவத்தை மதிக்கிறவர்கள்தான் இந்த வழியை வலியுறுத்த வேண்டும் என்பது என் கருத்து.

இன்னொன்று, மாணவர்கள் அட்டைகளில் ஒருபோதும் வராதது. தாவரப் பொருள்கள் பெரும்பாலும் கிராம் நேர் பாக்டீரியாவிடம்தான் நன்றாக வேலை செய்கின்றன. கிராம் எதிர் வகைக்கு வெளியே கூடுதலாக ஒரு சவ்வு இருக்கிறது, இறைப்பான்களும் அதிகம். இன்று மருத்துவமனைகளை மிகவும் அச்சுறுத்துபவையோ, அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா போன்ற கிராம் எதிர் வகைகள். தேவை அதிகமுள்ள இடத்தில் செடிகளின் கை தளர்ந்திருக்கிறது. மூலிகைக்கு எதிராகப் பாக்டீரியாவுக்கு எதிர்ப்பு வராது என்பதும் சரியல்ல. பெர்பெரினை இறைத்துத் தள்ளும் நோர்-ஏ அதற்கு நேரடிச் சான்று.

பாடம் முடியும் தறுவாயில் ஒரு மாணவி தயங்கித் தயங்கி எழுந்தார். அவருடைய ஆயாவுக்குச் சர்க்கரை நோய். காலில் புண். மருத்துவர் எழுதித்தந்த மாத்திரையை இரண்டு நாளில் நிறுத்திவிட்டு, "சூடு அதிகமா இருக்கு" என்று மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கட்டுகிறார். "மேல காஞ்ச மாதிரிதான் இருக்கு டீச்சர். ஆனா வாடை வருது." வகுப்பு அமைதியானது. நான் பாடம் எதுவும் சொல்லவில்லை. அன்று மாலையே அவர் அம்மாவிடம் தொலைபேசியில் பேசினேன், கிராம சுகாதாரச் செவிலியருக்கும் தகவல் கொடுத்தேன். மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும், அங்கிருந்து அரசு மருத்துவமனைக்கும் அழைத்துப் போனார்கள். ஒரு விரலை எடுக்க வேண்டியிருந்தது, கால் மிஞ்சியது. சர்க்கரை நோயாளியின் காலில் உணர்வு குறைந்திருக்கும், வலி தெரியாது, மேல் காய்ந்தாலும் உள்ளே தொற்று பரவும். இதை அந்த மாணவியே பிறகு வகுப்புக்கு விளக்கினார், மருத்துவமனையில் கேட்டுத் தெரிந்துகொண்டாராம்.

வீட்டுக்கு ஒரு வேலையும் கொடுத்தேன். காலி மாத்திரை அட்டைகளைக் கொண்டுவந்து சிவப்புக் கோட்டைத் தேடுவது. அந்தக் கோடு மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து என்பதன் அடையாளம். ஆன்டிபயாடிக் அல்லாத மருந்துகளிலும் இருக்கும். நவம்பர் 18 முதல் 24 வரை உலக நுண்ணுயிர் எதிர்ப்பு விழிப்புணர்வு வாரம், இதை அப்போது வைத்துக்கொள்ளலாம். அட்டையில் மாத்திரை மிஞ்சியிருந்தால் அதை யார், ஏன் நிறுத்தினார்கள் என்று வீட்டில் கேட்டு எழுத வேண்டும். இந்தக் கேள்விக்கு வந்த பதில்கள்தான் எனக்கு அதிகம் கற்றுத்தந்தன. பாதிக்கு மேல், "சரியாயிடுச்சு, அடுத்த தடவைக்கு இருக்கட்டும்" என்பதே.

மதிப்பீட்டுக்கு நான் தருவது ஒரே வினா. "துளசிச் சாறு சூப்பர் கிருமியை அழிக்கிறது: புதிய ஆய்வு" என்று ஒரு செய்தித் தலைப்பைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, அந்த ஆய்வாளரிடம் நீங்கள் கேட்க விரும்பும் கேள்விகளை எழுதுங்கள் என்பேன். சாறு எதில் எடுத்தீர்கள், எவ்வளவு, வெறும் கரைப்பானை வைத்துப் பார்த்தீர்களா, எந்தப் பாக்டீரியா, எத்தனை முறை செய்தீர்கள் என்று வந்தால் முழு மதிப்பெண். இந்த முறை ஒரு விடைத்தாளில் நான் எதிர்பார்க்காத கேள்வி ஒன்றும் இருந்தது: "அந்தச் சாறு நம் குடலில் இருக்கிற நல்ல பாக்டீரியாவை என்ன செய்யும்?"